பழைய ஜிப்ஸியைப் பக்கி ஆக்கிய கணக்கு

பக்கி, அதாவது சாலைக்கு வெளியே கரட்டில் ஓட்டும் திறந்த வண்டி, கட்டப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது, "எத்தனை இஞ்ச் தூக்கப் போற?" அதற்கு அடுத்து, "என்ன இன்ஜின் போடப் போற?" தூக்கப் போவதில்லை, மாற்றப் போவதில்லை, கழற்றப் போகிறேன் என்றேன். யாரும் நம்பவில்லை. கையில் பணம் குறைவாக இருக்கும்போது குதிரைத்திறனைக் கூட்டுவதைவிடக் கிலோவைக் குறைப்பது மலிவு. கழற்றுவதற்கு ஸ்பானரும் கிரைண்டரும் போதும். மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

வண்டி 1995 மாடல் மாருதி ஜிப்ஸி, எம்ஜி410டபிள்யூ. 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின், நான்கு கியர், 45 குதிரைத்திறன். 1985 டிசம்பரில் ஜிப்ஸி விற்பனைக்கு வந்தபோது இருந்த அதே இன்ஜின்தான். 1,298 சிசி ஜிப்ஸி கிங் 1996-இல்தான் வந்தது. எல்லோரும் தேடுவது கிங்கைத்தான், அதனால் விலையும் அதற்குத்தான். சின்ன இன்ஜின் வண்டியை இப்போது கேட்பார் இல்லை. ஆனால் நமக்குத் தேவையான ஏணிச் சட்டம் (பாடியைத் தாங்கும் சேஸிஸ்), முன்னும் பின்னும் திட ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், லோ கியர் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) எல்லாம் இதிலும் இருக்கின்றன.

கர்நாடகாவில் சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கிடந்தது. 15 வருடம் முடிந்து ஒருமுறை ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்திருக்கிறார்கள், அதன் பிறகு விட்டுவிட்டார்கள். 2022 ஏப்ரலில் பழைய காருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைத் தேற்ற வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு யார் இதையெல்லாம் செய்வார்கள்? அந்த அலுப்புதான் எனக்கு விலைக் குறைப்பாக வந்தது.

மலைநாட்டு மழையில் கிடந்த வண்டி என்பதால் பாடியை நான் பார்க்கவே இல்லை. தரைத் தகடு ஓட்டை, பின்பக்க மூலைகள் பொடிப்பொடி. அதெல்லாம் எப்படியும் வெட்டி எறியப் போகிற பகுதி. சட்டத்தை மட்டும் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உள்ளே அரித்த இடம் பொத்தென்று சொல்லும். பின் ஸ்பிரிங்கின் ஹேங்கர் சட்டத்தோடு சேரும் இடம், பாடி மவுண்ட் காதுகள், ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடம் ஆகிய மூன்றும் கெட்டியாக இருந்தால் வாங்கலாம். இன்ஜின் ஓடவில்லை என்றாலும் வாங்கலாம். இன்ஜினுக்குச் சாமான் கிடைக்கும், சட்டத்துக்குக் கிடைக்காது.

வேலைக்கு முன் காகித விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. கதவில்லாமல், கண்ணாடியில்லாமல், கூண்டு (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்ச் சட்டகம்) போட்ட வண்டியைப் பெங்களூரு ஹென்னூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக எந்த வழியும் இல்லை. இது சாலைக்கான வண்டி இல்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். நிரந்தரமாக ஓட்டத் தகுதியில்லாமல் ஆக்கப்பட்ட வண்டியைப் பற்றிப் பதிவு அலுவலகத்துக்கு 14 நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்று 55-ஆவது பிரிவு சொல்கிறது. அதைச் செய்து பதிவை ரத்து செய்துகொண்டோம். ஆனேக்கல் பக்கம் மச்சான் வீட்டுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் கரட்டு நிலம் இருக்கிறது. போவதும் வருவதும் ஃபிளாட்பெட் லாரியில்தான். லாரி வாடகையையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

லிங்கராஜபுரத்தில் ஒரு பழைய மரக்கடை ஷெட்டில்தான் வேலை. ஒரு ஸ்பானர்கூட எடுக்கும் முன் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோனேன். முழு வண்டியை ஒருமுறை, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஒருமுறை. லாரிக்கான மேடை அஞ்சு, பத்து கிலோ கணக்கில்தான் காட்டும் என்றாலும் நமக்கு அது போதும். மொத்தம் 985 கிலோ, முன்னால் 515, பின்னால் 470. மேடைக்காரர் எடைச் சீட்டை நீட்டிக்கொண்டே கேட்டார், "லோடே இல்லையே, எதுக்கு சார் எடை?" இன்னும் ரெண்டு தடவை வருவேன் அண்ணா என்றேன்.

கதவு, மடக்குக் கண்ணாடியும் அதன் சட்டமும், துணிக் கூரையும் அதன் குழாய்களும், பின்பக்க எதிரெதிர் சீட்டுகள், டெயில்கேட், முன் பின் பம்பர், ஸ்டெப்னியும் அதன் தாங்கியும் எல்லாம் போயின. பின் சக்கரத்துக்கு மேலே உள்ள தொட்டிப் பகுதியை ஃபெண்டரோடு வெட்டினோம். முன் ஃபயர்வாலும் (இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உள்ள தடுப்பு) பானெட்டும் முன் தரையும் மட்டும் மிச்சம். மறுபடி மேடையில் ஏற்றினால் 790. முன்னால் 460, பின்னால் 330. குறைந்த 195 கிலோவில் 140 பின்பக்கம் மட்டும். அடுத்த எல்லா வேலையையும் தீர்மானித்தது இந்த எண்தான்.

சேமித்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடம் கூண்டு. இதில் கஞ்சத்தனம் கூடாது. சிவாஜி நகர் குஜ்ரியில் (பழைய சாமான் சந்தையில்) வெல்டிங் செய்யும் பாய் ஒருவர் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அவர் கையில் தையல் போல வெல்டிங் விழும். அவரே முதலில் சொன்னது:

"ஜிஐ பைப் போடு தம்பி, பாதி காசுல முடிச்சிடலாம்."

"வேணாம் பாய். அது தண்ணிக்குப் போடுற பைப்பு. நாகப் பூச்சு இருக்கு, வெல்டு நல்லா பிடிக்காது. அந்தப் புகை உங்க நெஞ்சுக்கும் ஆகாது."

"என் நெஞ்ச நான் பாத்துக்கறேன். நீ டியூப் கொண்டா, எதைக் கொடுத்தாலும் ஒட்டறேன்."

சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதிப் புத்தகம் ரேலி வண்டிக் கூண்டுக்கு ஒரு அளவு தருகிறது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம். அல்லது 50-க்கு 2. மற்ற குழாய்களுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. குளிர்முறையில் இழுத்த, தையல் இல்லாத கார்பன் ஸ்டீல் குழாய், குறைந்தது 350 மெகாபாஸ்கல் இழுவிசை வலு. நாம் போட்டிக்குப் போகவில்லைதான், ஆனால் கவிழ்கிற வண்டிக்கு அது தெரியாது. பீன்யா தொழிற்பேட்டையில் சிடிஎஸ் சீம்லெஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். சோதனைச் சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்குங்கள். 45-க்கு 2.5 குழாய் மீட்டருக்கு சுமார் 2.6 கிலோ, 40-க்கு 2 குழாய் 1.9 கிலோ. மொத்தக் கூண்டும் 35 கிலோவை ஒட்டித்தான் வருகிறது. மூடிய கதவுகளும் கூரையும் சேர்ந்து இதைவிட அதிகம் இருந்தன.

வளைக்கும்போது குழாய் நசுங்கக் கூடாது. வளைவின் மைய ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மணல் நிரப்பிச் சூடு காட்டி வளைக்கிற பழைய பட்டறை முறை இங்கே உதவாது. பீன்யாவில் டை வைத்த பெண்டிங் மெஷினில் கொடுத்து வளைத்துக்கொண்டோம். குழாயோடு குழாய் சேரும் முனைகளை மீன் வாய் போலக் குடைந்தால்தான் இடைவெளி இல்லாமல் உட்காரும். காகிதத்தில் வடிவம் வெட்டிக் குழாயைச் சுற்றி ஒட்டி, கோடு போட்டு, கிரைண்டரால் குடைந்தோம். மெதுவான வேலை. இடைவெளியை ராட் போட்டு நிரப்புகிறவரிடம் கூண்டைக் கொடுக்காதீர்கள்.

ஜிப்ஸியில் கூண்டை எதில் நிறுத்துவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பாடி, சட்டத்தின் மேல் ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. கரட்டில் சட்டம் முறுகும்போது பாடி தனியாக அசையும். தரைத் தகட்டில் கூண்டை நட்டால், கவிழும்போது துருப்பிடித்த தகட்டைக் கிழித்துக்கொண்டு கால்கள் கீழே இறங்கும். அதனால் சட்டத்திலிருந்தே பக்கவாட்டில் கைகள் நீட்டி அவற்றின் மேல் நிறுத்தினோம். ஒவ்வொரு காலுக்கும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமும் 120 சதுர செண்டிமீட்டருக்குக் குறையாத பரப்பும் உள்ள தகடு, 8.8 தர எம்8 போல்ட்டுகள் மூன்று. இதுவும் அந்தப் புத்தகத்தின் கணக்குத்தான். தரையில் குழாய் நுழையும் ஓட்டையை மட்டும் தாராளமாக வெட்டி ரப்பர் உறை போட்டாயிற்று.

கூண்டு சட்டத்தில் நின்றால் சீட்டும் அதோடுதான் நிற்க வேண்டும். சீட்டு தரையிலும் பெல்ட் கூண்டிலும் இருந்தால், பாடி ஒரு பக்கம் கூண்டு ஒரு பக்கம் போகும் நேரத்தில் நடுவில் மாட்டுவது நம் உடம்பு. கூண்டின் குறுக்குக் குழாய்களிலேயே சீட்டு காதுகளை வெல்டு செய்தோம். சாய்க்கும் சீட்டு வேண்டாம், அந்த லிவர் பல் அடியில் உடையும். சாயாத ஷெல் சீட் இரண்டு புதிதாக வாங்கினோம், நாலு முனை பெல்ட்டும் புதிது. தோள் பட்டைகள் பின்னால் போகும்போது 45 டிகிரிக்கு மேல் கீழே இறங்கக் கூடாது, கிட்டத்தட்டக் கிடையாக இருப்பதே நல்லது. செங்குத்தாக இறங்கினால் மோதலில் அவை முதுகெலும்பை அமுக்கும். தலைக்கு அருகில் வரும் குழாய்களுக்குக் கெட்டி ஃபோம். ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஏறுவதில்லை. வெற்றுத் தலை கூண்டுக் குழாயில் மோதினால், கூண்டே இல்லாத வண்டியைவிட மோசம்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி ஷெட்டுக்கு வெளியே வைத்தோம். எர்த் கிளிப்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னேன். சட்டத்தின் மறுமுனையில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து பந்துகளைப் பொத்தல் போடும். முதலில் முழுக் கூண்டையும் புள்ளிப் புள்ளியாக வெல்டு வைத்து நிறுத்தி, கதவு வழி, தலை உயரம், ஸ்டீயரிங் தூரம் எல்லாம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் முழு வெல்டு. அதுவும் இடம் வலம் என்று மாறி மாறி. ஒரே பக்கம் ஓட்டினால் சூட்டில் கூண்டு கோணிக்கொள்ளும்.

அடுத்து ஸ்பிரிங். பின்னால் 140 கிலோ குறைந்ததும் வண்டி தானாகவே ஒரு இஞ்ச் போல உயர்ந்து நின்றது. லிஃப்ட் கிட் வாங்காமலேயே லிஃப்ட் என்று மச்சான் குதித்தான். ஆனால் சுமைக்கு மிஞ்சிய கடினமான ஸ்பிரிங் கரட்டில் மடங்காது. சக்கரம் குழியில் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும். தொங்கும் சக்கரம்தான் ஓப்பன் டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிரும், பூட்டு இல்லாத கியர் தொகுதி) முதலில் சுற்றும், மண்ணில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும். உயரத்தைவிட மடக்கம் முக்கியம் என்பதால் பின் ஸ்பிரிங் கட்டுகளில் தலா ஒரு பட்டையை எடுத்தோம். பிரதானப் பட்டையையும் அதன் காதைச் சுற்றி வரும் இரண்டாவதையும் தொடவே கூடாது. நடுவில் உள்ளதில் ஒன்றுதான் எடுத்தது. இரண்டை எடுத்தால் இன்னும் மிருதுவாகும், ஆனால் லோ கியரில் முறுக்கு ஏறும்போது ஆக்சில் சுருண்டு பட்டை எஸ் மாதிரி வளையும், ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் கிராஸ் போகும்.

உண்மையில் பெரிய மாற்றம் வந்தது பட்டையை எடுத்ததால் இல்லை, கட்டைப் பிரித்ததால். தோட்டத்து மழையில் பட்டைகளுக்கு இடையே துரு ஏறி, முழுக் கட்டும் ஒற்றை இரும்பாக இறுகியிருந்தது. ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, புது சென்டர் போல்ட் போட்டுத் திரும்பக் கட்டினோம். யூ போல்ட்டுகளையும் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி இறுக்கினால் பிடிப்பு தங்காது. உதிரிபாகக் கடைகள் உள்ள ஜேசி ரோட்டில் இதெல்லாம் சில்லறைக் காசு.

பிரேக்குக்கு இரக்கமே காட்டவில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு. பட்டை எடுத்த பிறகு ஆக்சில் கீழே இன்னும் இறங்குகிறது, அதனால் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். பின் ஹோஸ் விறைத்து நின்றது. ஆக்சிலில் அதன் தாங்கியை இடம் மாற்றிச் சரிசெய்தோம். இரும்புக் குழாய்களைச் சட்டத்தின் உள்பக்கமாக ஓட்டினோம், கல் படாது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டியில்லை. தனியாக மூன்று ரப்பர் மவுண்டுகளில் தொங்குகிறது, நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். அந்த ரப்பர்கள் கிழிந்தால் முறுக்கு ஏறும்போது கேஸே திரும்பும், கியர் துள்ளி வெளியே வரும். ஓட்டுகிறவர் கியர்பாக்ஸ் போச்சு என்று நினைத்துப் பெரிய செலவுக்குத் தயாராவார். எங்களுடையதில் மூன்றுமே கிழிந்திருந்தன. மாற்றியதும் லிவர் அமைதியானது.

இன்ஜினுக்குச் செய்தது சொற்பம். கார்புரேட்டரைக் கழுவி, ஃப்ளோட் மட்டத்தைச் சரிபார்த்து, டேங்கின் காற்றுக் குழாயைக் கூண்டு உயரத்துக்கு வளைத்து ஏற்றினோம், சாய்ந்தால் பெட்ரோல் ஒழுகாமல் இருக்க. "எம்பிஎஃப்ஐ கிங் இன்ஜின் ஒண்ணு இருக்கு, இறக்கிடலாமா?" என்று குஜ்ரியில் கேட்டார்கள். அதன் விலை என் வண்டி விலையை நெருங்கியது. வேண்டாம் என்றேன்.

டிஃபரன்ஷியலை வெல்டு செய்து பூட்டிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. மலிவுதான், மண்ணில் பிரமாதமாக இழுக்கும். ஆனால் கல்லில் திரும்பும்போது ஆக்சில் ஷாஃப்ட் முறியும், ஸ்டீயரிங் நேராகவே தள்ளிக்கொண்டு போகும். சக்கரம் தொங்கும் இடத்தில் லோ கியரில் இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்தினால், சுற்றும் சக்கரம் தடைபட்டு மறு சக்கரத்துக்கும் இழுவை போகிறது. இதற்குக் காசு வேண்டாம், பழக்கம் வேண்டும்.

டயரிலும் ஆசையை அடக்கினோம். 235/75 போடச் சொல்லித்தான் எல்லோரும் சொல்வார்கள். வண்டியில் இருந்த 205/70-இன் உயரம் 668 மில்லிமீட்டர், 235/75-இன் உயரம் 733. தரை இடைவெளி 33 மில்லிமீட்டர் கூடும், ஆனால் கியரிங் பத்து சதவீதம் நீளும். 45 குதிரைக்கு அது பெரிய அபராதம். பொலிரோவில் வரும் 215/75 ஆர்15 நடுவில் நிற்கிறது: 703 மில்லிமீட்டர். பொலிரோ ஓடாத ஊர் இல்லை, அதனால் பாதி தேய்ந்த டயர் எங்கும் கிடைக்கும். கரட்டில் 15 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்குகிறோம், திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர்.

ஆக்சில்களின் மூச்சுக் குழாய்க்கு ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ் மாட்டி மேலே ஏற்றுவது ஐம்பது ரூபாய் வேலை. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சும். பிறகு ஆயில் காப்பி நிறத்தில் வரும்.

எல்லாம் முடிந்து மூன்றாவது எடைச் சீட்டு: 865 கிலோ, முன்னால் 490, பின்னால் 375. கூண்டு, சீட்டு, அடித்தகடு எல்லாம் சேர்ந்து 75 கிலோ திரும்ப ஏறியிருக்கிறது. நிகரமாக 120 கிலோ குறைவு. 985 கிலோ வண்டியில் இதே எடைக்கு-வலு விகிதம் வேண்டுமென்றால் 51 குதிரைத்திறன் இன்ஜின் தேவைப்பட்டிருக்கும். இன்ஜினைத் தொடாமலே ஆறு குதிரை. செலவில் பாதிக்கு மேல் வண்டிக்கு, மிச்சத்தில் பெரும் பங்கு கூண்டு, சீட்டு, பெல்ட், பிரேக்குக்கு. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செலவழித்தது பெயிண்ட் மட்டும், அதுவும் கூண்டுக்கு வெளிர் சாம்பல். வெல்டில் விரிசல் விழுந்தால் துருக் கோடு உடனே தெரியும்.

ஆனேக்கல் நிலத்தில் மழைத் தண்ணீர் அறுத்த குறுக்கு வாய்க்கால்கள் இருக்கின்றன. மூலைக்கு மூலை சக்கரங்கள் இறங்கும் இடம். முன்பு ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் நின்ற வாய்க்காலில், இப்போது நான்கும் மண்ணைத் தொட்டபடி லோ முதல் கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே ஏறியது. செம்மண் சரிவில் இறங்கும்போது பின் சக்கரங்கள் எளிதில் பூட்டிக்கொள்கின்றன, பின்னால் எடை குறைந்ததன் விலை அது. பிரேக்கை விட்டு இன்ஜினில் இறங்குவதுதான் சரி. ஓட்டி முடித்ததும் எல்லா யூ போல்ட்டையும் கூண்டுக் கால் போல்ட்டையும் மறுபடி இறுக்கினோம். யூ போல்ட்டுகள் கால் சுற்று வாங்கின, கூண்டு அசையவில்லை.

கொஞ்சம் வேகம் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கில் தளர்ச்சி. மேல் மூடிக்கு அடியில் உள்ள ஷிம் ஒன்றை எடுத்து, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளைத் தராசுக் கொக்கியால் இழுத்து எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க வேண்டும். நக்கிள் சீலும் பேரிங்கும் ஜேசி ரோட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் முன் ஆக்சிலைப் பிரிக்கலாம்.